படகைத் தட்டிப் பார்க்கும் வெயில்

பாம்பன் கரையில் பழைய ஃபைபர் வள்ளம் வாங்க வருபவர், விலை பேசுவதற்கு முன்பே விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். ‘டக்’ என்றால் சரி. ‘பொத்’ என்றால் உள்ளே அடுக்கு விட்டுப் போயிருக்கலாம். வள்ளம் கட்டும்போது கண்ணாடி நார் விரிப்பை அச்சில் விரித்து, ரெசின் என்னும் பிசினைப் பூசி, ரோலரால் உருட்டி உருட்டிக் காற்றை வெளியேற்றுவார்கள். ரோலர் சரியாகப் போகாத இடத்தில் காற்று தங்கிவிடும். மேலே ஜெல்கோட் என்னும் வெளிப்பூச்சு பளபளவென்று இருப்பதால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

இதே சோதனையைச் சூட்டை வைத்துச் செய்வதுதான் அகச்சிவப்புக் கேமரா. எக்ஸ்ரே போல அது ஊடுருவிப் பார்க்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, மேற்பரப்பின் சூடு மட்டுமே அதற்குத் தெரியும். 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் நிறமாலையில் சிவப்புக்கு அப்பால், வெளிச்சமே இல்லாத இடத்தில் வெப்பமானியை வைத்தார், பாதரசம் ஏறியது. அந்த அகச்சிவப்புக் கதிரில் அலைநீளம் கூடிய பகுதியைத்தான் கேமரா வாங்கி நிறமாக்குகிறது. சாதாரணக் கண்ணாடி அதை விடாது என்பதால் பெரும்பாலும் ஜெர்மானியம் என்ற தனிமத்தில் செய்த லென்ஸ்.

சும்மா கிடக்கும் வள்ளம் படத்தில் ஒரே நிறமாகத்தான் இருக்கும். சூடு ஓடினால்தான் குறை காட்டிக்கொடுக்கும். ஆலைகளில் அதற்கு விளக்கு வைப்பார்கள். பாம்பனில் வெயிலுக்கா பஞ்சம்? கவிழ்த்துப் போட்ட வள்ளத்தில் வெயில் ஏற ஏறச் சூடு உள்ளே இறங்கும். நடுவே காற்றுக் குமிழி இருந்தால் அங்கே தடைபடும், ஏனென்றால் காற்று நார் பிளாஸ்டிக்கைவிடச் சுமார் 10 மடங்கு குறைவாகவே வெப்பம் கடத்தும். குமிழிக்கு மேலுள்ள தோல் சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகிவிடும். நீர் கோத்த இடம் இதற்குத் தலைகீழ். தண்ணீர் சீக்கிரம் சூடேறாது, அதனால் மதியம் குளிர்ந்து தெரியும். பொழுது சாய்ந்ததும் இரண்டும் மாறும்: குமிழியின் மேல்தோல் சட்டென்று ஆறிவிட, தண்ணீர் மட்டும் சூட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். ஆக, ஒரே இடத்தை மதியமும் மாலையும் எடுத்தால் உள்ளே இருப்பது காற்றா நீரா என்று ஊகிக்கலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஆழம் கூடினால் காத்திருப்பும் கூடும். 1 மில்லிமீட்டர் ஆழக் குறை சில நொடியில் தெரிந்தால், 3 மில்லிமீட்டர் ஆழத்தில் உள்ளதற்குச் சுமார் 9 மடங்கு நேரம் ஆகும்; படமும் மங்கும். சின்னக் குமிழி ஆழத்தில் இருந்தால் அகப்படவே அகப்படாது. கச்சான் காற்று வீசும் நாளில் மேற்பரப்பு சீராகச் சூடேறாது. ஈரமோ பாசியோ இருந்தால் பொய்யான குளிர் இடங்கள் முளைக்கும்.

நான் என்றால் படத்தில் சந்தேகப்பட்ட இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, அப்புறம் அந்தப் பழைய முட்டியால் ஒருமுறை தட்டியும் பார்ப்பேன்.