ரத்தம் வரும் ஈற்றை ஒதுக்கி வைக்காதீர்கள்

பிரஷ் பட்டாலே ஈற்றில் ரத்தம் வருகிறது என்று சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எத்தனை நாளாக என்று கேட்டேன். "தீபாவளிக்கு முன்னாடியிருந்தே, டாக்டர். வலிக்குதுன்னு அந்தப் பக்கம் பிரஷ் வைக்கிறதையே விட்டுட்டேன்" என்றார். அப்போது தைப்பூசமே முடிந்திருந்தது.

பல் மருத்துவராக நான் அடிக்கடி கேட்கும் பதில் இது. கையில் காயம் பட்டால் தொடாமல் விடுகிறோம், ஆறிவிடுகிறது. ஈறும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் ஈற்றில் ரத்தம் வருவதற்குப் பெரும்பாலும் காரணம், பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் படிகிற கிருமிப் படலம். நகத்தால் பல்லைச் சுரண்டினால் மாவு மாதிரி வருமே, அதுதான். அதை எதிர்க்க உடல் அங்கே கூடுதலாக ரத்தத்தை அனுப்புகிறது. ஈறு சிவந்து, உப்பி, லேசாகத் தொட்டாலே கசிகிறது. வலிக்குப் பயந்து அந்த இடத்தை விட்டுவிட்டால் படலம் இன்னும் தடிக்கும். எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து சில நாட்களிலேயே காரையாக இறுகும். அப்புறம் எந்தப் பிரஷ்ஷாலும் அதை எடுக்க முடியாது. கீழ் முன்பற்களின் பின்பக்கம், நாக்குக்கு அடியில் எச்சில் சுரக்கும் இடம் என்பதால் அங்கே காரை சீக்கிரம் பிடிக்கும். அந்த அம்மாவுக்கும் அங்கேதான்.

டென்மார்க்கில் நடந்து 1965இல் வெளியான ஆய்வு ஒன்றை நோயாளிகளிடம் சொல்வதுண்டு. ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. ஈறு மட்டும் வீங்கியிருக்கும் கட்டத்தில் இவ்வளவு எளிதாக மீளலாம். வீக்கம் உள்ளே இறங்கிப் பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைத்துவிட்டால், போன எலும்பைப் பழையபடி முழுதாகக் கொண்டுவருவது கடினம். அதற்குத்தான் மெல்லிய கம்பி போன்ற கருவியால் ஈற்றுக்கும் பல்லுக்கும் நடுவே ஆழம் பார்க்கிறோம். 3 மில்லிமீட்டர் வரை நல்லது. அதற்கு மேல் போனால் எனக்குக் கவலை.

சரி, வீட்டில் என்ன செய்வது? மிருதுவான பிரஷ்ஷை ஈற்று விளிம்பை நோக்கிச் சாய்த்து வைத்து, அழுத்தாமல் சின்னச் சின்னதாக அசைத்துத் தேயுங்கள். இரண்டு நிமிடம், காலையும் இரவும். முதல் சில நாள் ரத்தம் வரும், பயப்பட வேண்டாம். பல்லிடுக்கில் இடுக்குப் பிரஷ்ஷோ பல் நூலோ போட வேண்டும். ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு போட்டுக் கொப்பளித்தால் இதமாக இருக்கும், ஆனால் காரை போகாது. கிராம்பு எண்ணெயை அப்படியே ஈற்றில் தடவாதீர்கள். வெந்து புண்ணாகி வருபவர்களைப் பார்க்கிறேன். ஒரு வாரம், பத்து நாள் ஒழுங்காகத் துலக்கியும் ரத்தம் நிற்கவில்லையா, மருத்துவரைப் பாருங்கள். முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே போக வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணையும் காட்டிவிடுங்கள்.

என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அம்லோடிபின் சிலருக்கு ஈற்றைத் தடிக்க வைக்கும். அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்திவிடக் கூடாது. இனிப்புநீர் நோய் கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈற்று நோய் வேகமாக முற்றும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் சிரமம். கர்ப்ப காலத்திலும் ஈறு எளிதில் வீங்கும். புகை பிடிப்பவர்களை நினைத்தால்தான் எனக்கு அதிகம் பயம். நிக்கோட்டின் ரத்த நாளங்களைச் சுருக்குவதால் அவர்களுக்கு ரத்தக் கசிவு குறைவாகவே தெரியும், நோய் மட்டும் உள்ளே சத்தமில்லாமல் வளரும்.

செலவை நினைத்துத் தள்ளிப்போடுபவர்கள் பலர். சிங்கப்பூர் அரசின் மருத்துவ உதவித் திட்டமான சாஸின் (CHAS) நீல, ஆரஞ்சு நிற அட்டையோ, மூத்தவர்களுக்கான முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறை அட்டையோ இருந்தால், திட்டத்தில் சேர்ந்த பல் மருந்தகங்களில் மானியம் உண்டு. வீட்டில் பெரியவர்களின் அட்டை எந்த அலமாரியில் கிடக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

அந்த அம்மாவுக்குக் காரையை எடுத்து, பிரஷ் பிடிக்கக் கற்றுக்கொடுத்து அனுப்பினேன். அடுத்த முறை வந்தபோது ரத்தம் நின்றிருந்தது, ஆனால் முகம் வாடியிருந்தது. "பல்லுக்கு நடுவுல ஓட்டை விழுந்த மாதிரி இருக்கு. ஜில்லுன்னு குடிச்சா கூசுது. கிளீன் பண்ணினா பல் ஆடும்னு அப்பவே சொன்னாங்க" என்றார். கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டினேன். இத்தனை நாள் அந்த இடுக்கை அடைத்திருந்தது காரையும் வீங்கிய ஈறும். காரை போய், வீக்கம் வற்றியதும் வேர் கொஞ்சம் வெளியே தெரிகிறது, அதனால் கூசுகிறது. கூச்சத்துக்கான பற்பசை போட்டால் சில வாரங்களில் குறையும் என்றேன். கொஞ்ச நேரம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த இடுக்குக்கு எந்த அளவு பிரஷ் வாங்கணும் என்று கேட்டார்.