தொலைதூரத் தொடையெலும்பு என்று ஒன்று இல்லை

பெங்களூரில் காப்பீட்டுக் கோரிக்கைக்காகத் தமிழில் தரப்படும் தாள்களில் 'தொலைதூரத் தொடை எலும்பு முறிவு' என்ற தொடரை மறுபடி மறுபடி பார்க்கிறேன். அல்சூரில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவின் தாளிலும் அதுவே இருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்து, முட்டிக்குச் சற்று மேலே எலும்பு முறிந்தவர் அவர். தாளைப் படித்த மகன், "இடுப்புப் பக்கம் உடைஞ்ச மாதிரி போட்டிருக்காங்களே சார், தப்பா எழுதிட்டாங்களா?" என்று கேட்டார். அவர் படித்ததில் தவறில்லை. முட்டியில் வலிக்கிறவருக்குத் தொடையில் தொலைவான இடம் இடுப்புதானே.

மூலச் சொல் 'டிஸ்டல்'. விலகி நிற்பதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த 'டிஸ்டன்ட்' என்ற சொல்லை வைத்து 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உடற்கூறியலுக்காக ஆக்கப்பட்டது. கையோ காலோ உடம்போடு சேரும் இடத்துக்குத் தள்ளி இருக்கும் முனை டிஸ்டல், அருகில் இருப்பது ப்ராக்ஸிமல். தொடையெலும்பு இடுப்பில் தொடங்குவதால் அதன் முட்டிப் பக்கம் டிஸ்டல். அவ்வளவுதான்.

தொலைதூரப் பேருந்து, தொலைதூரக் கல்வி என்று ஊர் தாண்டிப் போகிற விஷயத்துக்குத்தான் 'தொலைதூரம்' பொருந்தும். ஏறக்குறைய ஒரு முழ நீளமுள்ள எலும்பில் தொலைதூரம் எங்கிருந்து வந்தது? அகராதியின் முதல் வரியைப் பார்த்து எழுதிவிட்டு, எலும்பை ஒருமுறைகூட மனதில் நினைத்துப் பார்க்காத மொழிபெயர்ப்பு இது. இதோடு வாதிட வேண்டிய அவசியமே இல்லை.

வாதிட வேண்டியது 'சேய்மை'யோடு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் சிறுநீரகப் பாடம் படித்தவர்களுக்கு 'அண்மைச் சுருண்ட நுண்குழல்', 'சேய்மைச் சுருண்ட நுண்குழல்' நினைவிருக்கும். நல்ல பழந்தமிழ் இணை. அண்மைச்சுட்டு, சேய்மைச்சுட்டு என்று இலக்கண வகுப்பிலேயே பழகியது. தூய தமிழ் வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் நோயாளி கையில் தரும் தாளில் 'சேய்மைத் தொடையெலும்பு முறிவு' என்று எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். சேய்மை என்றால் எதிலிருந்து சேய்மை? இலக்கணத்தில் பேசுகிறவனிடமிருந்து. உடற்கூறியலில் கைகால் உடம்போடு சேரும் இடத்திலிருந்து. இந்த இரண்டாவது விதி மருத்துவக் கல்லூரிக்குள் போனவருக்குத்தான் தெரியும். சொல் எவ்வளவு தூய்மையாக இருந்தாலும், பக்கத்து வீட்டுப் பையன் கேட்ட அதே கேள்வியைத்தான் அதுவும் எழுப்பும். இடுப்பு முறிவும் முட்டியருகு முறிவும் ஒன்றல்ல. அறுவை சிகிச்சை வேறு, பொருத்தும் தகடும் கம்பியும் வேறு, எழுந்து நடக்கும் கணக்கும் வேறு. கையெழுத்துப் போடும் குடும்பத்துக்கு எந்த முனை என்று தெரிந்தாக வேண்டும்.

சரி, குறியீட்டுப் பட்டியல் என்ன சொல்கிறது? நோய்க்கும் காயத்துக்கும் ஒரு குறியீடு தரும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பட்டியலில் எஸ்72 என்பது தொடையெலும்பு முறிவு. புள்ளிக்குப் பின்னால் 0 வந்தால் எலும்பின் கழுத்து, 3 வந்தால் தண்டு, 4 வந்தால் முட்டிப் பக்கம். அந்த எஸ்72.4-இன் தலைப்பில் 'டிஸ்டல்' என்ற சொல்லே கிடையாது! 'தொடையெலும்பின் கீழ்முனை முறிவு' என்றுதான் ஆங்கிலத்திலும் நேராக எழுதியிருக்கிறார்கள். மேற்கை எலும்புக்கு எஸ்42.4, முன்கையின் ஆரை எலும்புக்கு எஸ்52.5, அங்கேயும் கீழ்முனைதான். மூலமே எளிய சொல்லை எடுத்துக்கொண்டிருக்கும்போது, மருத்துவர் வாய்மொழியில் வரும் டிஸ்டலைப் பிடித்து நாம் ஏன் தொங்க வேண்டும்? 'கீழ்முனை' தமிழ்தான், தூய்மையும் தெளிவும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன.

கையை மேலே தூக்கினால் கீழ்முனை மேலே போய்விடாதா என்று சேய்மைக்காரர்கள் கேட்பார்கள். நேராக நின்று கையைத் தொங்கவிட்ட நிலையில்தான் உடற்கூறியலில் மேல், கீழ் எல்லாம் சொல்கிறோம். அந்த ஏற்பாடு இதற்கும் போதும். விரலெலும்புகளுக்கு மட்டும் வேண்டுமானால் 'நுனி எலும்பு' என்று வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்க மருத்துவமனைகளுக்காகப் பெங்களூரில் இருந்து குறியிடும் பிள்ளைகள் கையாளும் அமெரிக்க வடிவமான ஐசிடி-10-சிஎம் இன்னும் நீளம். எஸ்72.45 என்றால் கீழ்முனையின் இரு குமிழ்களுக்கு மேலே முறிவு, எஸ்72.46 என்றால் அந்த முறிவு குமிழ்களுக்கு இடையிலும் இறங்கியிருக்கிறது. (எலும்பு முனையின் உருண்டைப் புடைப்பான கான்டைலைக் குமிழ் என்கிறேன். கிரேக்கத்தில் அது விரல் முட்டியைக் குறித்த சொல்.) அப்புறம் வலமா இடமா, எலும்பு விலகியதா இல்லையா. ஏழாவது இடத்தில் ஓர் எழுத்து. அங்கேதான் அடுத்த கொடுமை: ஆங்கிலத்தில் 'இனிஷியல் என்கவுன்டர்' என்று வரும் 'ஏ' என்ற எழுத்துக்கு 'ஆரம்ப சந்திப்பு' என்று தமிழில் போடுகிறார்கள். நோயாளி மருத்துவரை முதன்முதலில் பார்த்த நாள் என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் முறிவுக்கு நேரடிச் சிகிச்சை நடக்கும் காலம் முழுவதற்கும் அதே 'ஏ'தான். ஒரு மருத்துவமனையில் கட்டுப் போட்டு, வேறொரு மருத்துவரிடம் போய் அறுவை சிகிச்சை செய்துகொண்டாலும், எலும்பு தோலைக் கிழிக்காத மூடிய முறிவுக்கு அந்த எழுத்து மாறாது. 'என்கவுன்டர்' என்ற சொல்லைச் சந்திப்பு என்று மாற்றியவர் குறியீட்டு விதியைப் படிக்கவில்லை. 'ஏ'வுக்கு 'சிகிச்சை நடக்கும் கட்டம்' என்று எழுதலாம். எலும்பு ஒழுங்காகக் கூடிவரும்போது போடும் 'டி'க்கு 'ஆறும் கட்டம்' போதும்.