மாமா வீட்டில் வளர்ந்த பிள்ளையும் பதவி உயர்வும்

என்னிடம் மனநல ஆலோசனைக்கு வருபவர்களில் ஒரு வகையினர் உண்டு. நல்ல சம்பளம், சொந்த வீடு, அலுவலகத்தில் நல்ல பெயர். தூக்கம் வரவில்லை என்றுதான் வருவார்கள். பேச்சு கொஞ்சம் நீண்டதும் சின்ன வயது எட்டிப் பார்க்கும். அப்பாவின் கடை நொடித்துப்போனது, வாசலில் கடன்காரர்கள், அப்புறம் பள்ளிப்படிப்பு முழுக்க மாமா வீட்டில். (பலர் சொன்னதைக் கலந்துதான் எழுதுகிறேன்.)

அந்த வீட்டில் யாரும் அடித்திருக்க மாட்டார்கள், பட்டினி போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் மறுசோறு கேட்கக் கூடாது, டிவி சேனலை மாற்றக் கூடாது என்று யாரும் சொல்லாமலே பிள்ளைக்குத் தெரியும். முதல் ரேங்க் வாங்கிய அன்று மட்டும் மாமா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். மார்க் இருந்தால்தான் இங்கே நமக்கு இடம் என்று பிள்ளை கணக்குப் போட்டுவிடுகிறது. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் இதைத்தான் 'மதிப்புக்கான நிபந்தனைகள்' என்றார்.

வளர்ந்த பிறகும் கணக்கு மாறுவதில்லை, மாமா இருந்த இடத்தில் மேலதிகாரி இருக்கிறார், அவ்வளவுதான். பதவி உயர்வு தரும் சந்தோஷம் ஒரு சாயங்காலம் தாங்கும். மறுநாளே, 'நமக்குத் தகுதியில்லை என்று எப்போது கண்டுபிடிப்பார்களோ' என்ற பயம். உளவியலாளர்கள் பாலின் கிளான்ஸும் சுசான் ஐம்ஸும் 1978-ல் சாதனைப் பெண்களிடம் இந்தப் பயத்தைக் கண்டு எழுதினார்கள். ஆண்களிடமும் தாராளமாகப் பார்க்கிறேன், வெளியே சொல்வதுதான் குறைவு.

சிறுவயதில் ரிக்கெட்ஸ் என்ற எலும்பு நோயால் அவதிப்பட்ட ஆஸ்திரிய மனநல மருத்துவர் ஆல்ஃபிரட் அட்லர், தாழ்வுணர்ச்சிதான் மனிதரை முன்னே தள்ளுகிறது என்றார். அதில் உண்மை இருக்கிறது. அதனால் லட்சியத்தை விடுங்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. (சொன்னால் அடுத்த முறை வரமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.) நான் கேட்பது, இந்த வேலையில் தோற்றால் உங்களுக்கு வருத்தம் வருமா, அவமானம் வருமா என்றுதான். வருத்தம் என்றால் சரி, அது போய்விடும். யார் முகத்திலும் விழிக்க முடியாது என்றால், பேச வேண்டியது வேலையைப் பற்றி அல்ல.

அப்படிப்பட்டவர்களுக்குச் சின்னச் சின்னப் பயிற்சிகள் கொடுப்பேன். ஒரு மின்னஞ்சலை ஒரே முறை படித்துவிட்டு அனுப்புங்கள். சக ஊழியரிடம் ஒரு உதவி கேளுங்கள். என்ன ஆகும் என்று பயந்தீர்கள், உண்மையில் என்ன ஆனது, இரண்டையும் எழுதி வாருங்கள். பெரும்பாலும் ஒன்றுமே ஆகியிருக்காது. அதை மனம் நம்புவதற்கு மாதக்கணக்கில் ஆகும், அவசரப்படுத்த முடியாது.

தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தாலும் சரி, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரே ஒரு தடவை வந்தாலும் சரி, உதவி கேட்பதைத் தள்ளிப்போடாதீர்கள். மத்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. கட்டணம் கிடையாது, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.