காதுக்கல்லில் பதிந்த பிறப்பிடம்

அட்லாண்டிக்கின் நீலத்துடுப்புச் சூரை மீன் (புளூஃபின் டூனா) முக்கியமாக இரண்டு இடங்களில் முட்டையிடுகிறது: மேற்கே மெக்சிகோ வளைகுடா, கிழக்கே மத்தியதரைக் கடல். மேற்குக் கூட்டம் சிறியது, கிழக்குக் கூட்டம் பெரியது. 45 டிகிரி மேற்குத் தீர்க்கரேகையை எல்லையாக வைத்து இரண்டுக்கும் தனித்தனியாகப் பிடி அளவு நிர்ணயித்தார்கள். ஆனால் இரண்டும் கடல் நடுவே கலந்து மேய்கின்றன. வலையில் வந்த மீன் எங்கே பிறந்தது என்று வெளித்தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது. தலைக்குள் இருக்கும் காதுக்கல்லை வைத்துச் சொல்லலாம்.

எலும்பு மீன்களின் உட்காதில் மூன்று ஜோடிக் கற்கள் உண்டு. கேட்கவும், உடல் நிலை தடுமாறாமல் நீந்தவும் அவை உதவுகின்றன. முட்டைப் பருவத்திலேயே உருவாகி, கால்சியம் கார்பனேட் படலம் படலமாகப் படிந்து வளர்கின்றன. குஞ்சுப் பருவத்தில் நாளுக்கு ஒரு வளையம். பட்டினி கிடக்கும் மீன் தன் எலும்பிலிருந்தும் செதிலிலிருந்தும் கால்சியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். காதுக்கல்லை மட்டும் அப்படிக் கரைப்பதில்லை. அதனால் எவ்வளவு வயதான மீனாக இருந்தாலும், கல்லின் மையத்தில் அது பிறந்த நாட்களின் படிவு அப்படியே இருக்கும்.

படிவில் கால்சியம் இருக்க வேண்டிய இடத்தில் அதை ஒத்த தனிமங்களான ஸ்ட்ரான்சியமும் பேரியமும் கொஞ்சம் புகுந்துவிடும். பொதுவாகக் கடல்நீரில் ஸ்ட்ரான்சியம் அதிகம், ஆற்றுநீரில் பேரியம் அதிகம். ஆற்றுக்கு வந்து வளரும் என்று நம்பப்பட்ட விலாங்குகளில் சில, கடலை விட்டு வெளியே வந்ததே இல்லை என்பது 1998இல் இப்படித்தான் தெரியவந்தது.

கல்லைப் பிசினில் பதித்து, மெல்லிய சீவலாக அறுத்து, மையம் தெரியும்வரை தேய்ப்பார்கள். அப்புறம் லேசர் கதிர் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நகரும். அது கிளப்பும் நுண்துகளைப் பிளாஸ்மாவில் அயனியாக்கி, அணுக்களை நிறைவாரியாகப் பிரிக்கும் கருவியான நிறைமானி தனிமம் தனிமமாக எண்ணும்.

சரி, நீரில் உள்ளது அப்படியே கல்லில் ஏறிவிடுமா? ஏறாது. செவுள், ரத்தம், உட்காதின் திரவம் எல்லாம் தாண்டித்தான் போக வேண்டும். வெப்பநிலையும் மீனின் உடலும் அளவை மாற்றும். துத்தநாகம் போன்றவற்றில் உடலின் கைதான் ஓங்கியிருக்கும். ஒரே இடத்து நீர்கூட ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே பிறப்பிடம் தெரிந்த இளமீன்களை, முடிந்தால் அதே ஆண்டில் பிறந்தவற்றை, முதலில் சேகரித்து ஒப்பிட வேண்டும். இந்தப் பொறுமையான வேலைதான் முறையின் உயிர் என்பேன். அது இல்லாவிட்டால் விலையுயர்ந்த கருவி தரும் எண்களுக்குப் பொருளே இல்லை.

சூரை விஷயத்தில் கைகொடுத்தது ஆக்சிஜன் ஐசோடோப்பு, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகை. மத்தியதரைக் கடலில் ஆவியாதல் மிக அதிகம். லேசான ஆக்சிஜன்-16 கொண்ட நீர் எளிதில் ஆவியாவதால், கனமான ஆக்சிஜன்-18 அங்கே கூடுதலாகத் தங்குகிறது. அங்கே பிறந்த மீனின் கல் மையத்திலும் அது தெரியும். 2008இல் வெளியான ஆய்வில், அமெரிக்கக் கிழக்குக் கரையோரம் பிடிபட்ட இளஞ்சூரைகளில் பாதிக்கு மேல் மத்தியதரைக் கடலில் பிறந்தவை என்று தெரிந்தது. முட்டையிடும் இடங்களில் பிடித்த பெரிய மீன்களோ, இரு பக்கமும் 95 விழுக்காட்டுக்கு மேல் தாம் பிறந்த இடத்துக்கே திரும்பியிருந்தன.

அதாவது, அட்லாண்டிக்கின் மேற்குக் கரையோரம் மீன் நிறையக் கிடைப்பதை வைத்து மேற்குக் கூட்டம் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. பாதி மீன் வேறு கூட்டத்தின் விருந்தாளியாக இருக்கலாம். அட்லாண்டிக் சூரைகளுக்கான பன்னாட்டு ஆணையம் 2022இல் ஏற்ற புதிய பிடி விதி, இந்தக் கலப்பையும் கணக்கில் எடுத்து உருவாக்கப்பட்டது.