சட்டயர் என்றால் அங்கதம்

சிம்ப்சன்ஸ், சவுத் பார்க் என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடர்களைப் பார்க்கிறவர்களிடம் அதில் என்ன பிடிக்கிறது என்று கேட்டால் 'செம சட்டயர்' என்பார்கள். சரி, சட்டயருக்குத் தமிழில் என்ன? கிண்டல், நக்கல், நையாண்டி, பகடி என்று ஆளுக்கொன்று வரும். பகடி என்பது பாரடி, ஒன்றைப் போலவே செய்துகாட்டிச் சிரிக்க வைப்பது. நக்கலுக்கு நோக்கமே தேவையில்லை, சும்மாவும் அடிக்கலாம். சட்டயர் அப்படியில்லை, அதில் ஒரு குற்றச்சாட்டு இருந்தே தீரும்.

சொல்லின் வேர் இலத்தீனின் 'சதுரா', நிறைந்தது, பலதும் கலந்தது என்று பொருள். பலவகைப் பழங்களை நிரப்பிய தட்டுக்கு வழங்கிய இந்தப் பெயர், பல விஷயங்களைக் கலந்து கட்டிய செய்யுளுக்கும் ஒட்டிக்கொண்டது. கிரேக்கப் புராணத்தில் வரும் 'சாட்டிர்' என்ற ஆட்டுக்கால் மனிதனிடமிருந்து வந்தது என்று ரொம்பக் காலம் நம்பினார்கள், பெயர் ஒத்துப்போனதால் வந்த குழப்பம் அது.

நம்மிடம் இதற்கு 'அங்கதம்' இருக்கிறது. (தோளில் அணியும் நகைக்கும் அதே பெயர்தான், குழம்ப வேண்டாம்.) தொல்காப்பியம் செய்யுளியலில் அதை இரண்டாகப் பிரிக்கிறது: முகத்துக்கு நேரே திட்டினால் செம்பொருள் அங்கதம், மறைத்துத் திட்டினால் பழிகரப்பு. தொண்டைமானின் ஆயுதசாலையைப் பார்த்த ஔவையார், இங்கே ஆயுதங்களெல்லாம் பீலி சூடி, நெய் பூசி அழகாக இருக்கின்றன, அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாரே, அது பழிகரப்பு. கேட்பதற்குப் புகழ்ச்சி, யோசித்தால் 'நீ போருக்கே போனதில்லை'.

இந்தக் கார்ட்டூன்களின் கவர்ச்சியும் இந்தக் கரப்பில், அதாவது மறைப்பில்தான் இருக்கிறது என்பேன். 1997இல் வந்த சவுத் பார்க்கின் முதல் அத்தியாயம் நிஜமாகவே காகிதத்தை வெட்டி நகர்த்தி நகர்த்திப் படம்பிடித்தது. அப்புறம் கணினிக்கு மாறியும் அந்தப் பள்ளிக்கூடக் கைவேலைத் தோற்றத்தை விடவில்லை, ஏனென்றால் குழந்தைத்தனமான படத்துக்குள் எதையும் ஒளித்துவிடலாம். தொடக்கத்தில் வரும் அறிவிப்போ இன்னும் மோசம்: நிஜ மனிதர்களை வைத்து உருவானவை உட்பட எல்லாப் பாத்திரங்களும் முழுக் கற்பனையே என்கிறது! மறைக்கிறேன் பார் என்று கூவிக்கொண்டே மறைப்பது. சிம்ப்சன்ஸில் அணுமின் நிலைய முதலாளி பர்ன்ஸுக்கு, தன்னிடம் வேலை பார்க்கும் ஹோமரின் பெயர் ஒவ்வொரு முறையும் மறந்துபோகும், உதவியாளர் எடுத்துச் சொல்ல வேண்டும். நிஜ நடிகர் செய்தால் கசக்கும். கார்ட்டூனின் மஞ்சள் முகத்தில் அதையே பார்த்தால் சிரித்துவிடுகிறோம், மறுநாள் அலுவலக லிஃப்டில் மேலாளர் நம்மைக் கண்டுகொள்ளாமல் நிற்கும்போதுதான் சுருக்கென்கிறது.

இந்த வகைத் தொடர்களைக் குறிக்கும் 'அடல்ட் அனிமேஷன்' என்பதில்தான் தமிழ் தடுமாறுகிறது. 'வயது வந்தோருக்கான' என்று போட்டால் வேறு எதையோ எதிர்பார்த்து வருவார்கள். 'பெரியவர்களுக்கான அங்கத அசைவூட்டத் தொடர்' சரியான மொழிபெயர்ப்புதான், ஆனால் சொல்லி முடிப்பதற்குள் ஒரு காட்சி ஓடிவிடும். நான் 'அங்கதக் கார்ட்டூன்' என்று எழுதுகிறேன். கார்ட்டூன் தமிழில் குடியேறி வெகுநாளாகிறது, அங்கதம் என்று முன்னால் போட்டதுமே இது குழந்தைகளுக்கு இல்லை என்பதும் தெரிந்துவிடுகிறது.