எழுதிய அளவும் இருக்கிற அளவும்: கேமரா பேட்டரியை அளந்து பார்த்தல்

கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லசந்திரத்தில், குன்றின் மேல் பெருங்கற்காலத்துக் கல்திட்டைகள் வரிசையாக நிற்கின்றன. காலை வெயில் சாய்வாக விழும் ஒன்றரை மணி நேரத்துக்குள் படம் எடுத்தால்தான் பலகைக் கற்களின் சொரசொரப்பு தெரியும். அங்கே பேட்டரி தீர்ந்துவிட்டால் சார்ஜ் போட வழியில்லை. தருமபுரியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவர் சென்ற முறை அங்கே போய்விட்டு வந்து, இரண்டு பேட்டரிகளை என் மேசையில் வைத்தார். ஒன்று கேமராவோடு வந்த கேனான் எல்பி-இ6என், நான்கு வருடம் உழைத்தது, மேலே 7.2 வோல்ட், 1865 எம்ஏஎச், 14 வாட் மணி என்று அச்சிட்டிருக்கும் (எம்ஏஎச், அதாவது மில்லி ஆம்பியர் மணி, பேட்டரி கொள்ளும் மின்னூட்டத்தின் அளவு; அதை வோல்ட்டால் பெருக்கினால் வரும் ஆற்றல்தான் வாட் மணி). மற்றொன்று அதே அச்சில் வந்த நகல், புதியது, விலை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மேலே 2650 எம்ஏஎச் என்று போட்டிருந்தது. "அண்ணா, 2650 போட்டிருக்கிறதுதான் முதலில் தீர்ந்துபோச்சு. எது பொய் சொல்லுது, பாருங்களேன்" என்றார். பார்ப்பதற்கு இருக்கும் நம்பகமான வழி ஒன்றுதான்: பேட்டரியில் இருப்பதை அளந்தபடியே முழுவதும் வெளியே விட்டுப் பார்ப்பது.

மல்டிமீட்டரை வைத்து வோல்ட் பார்த்தால் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். கிருஷ்ணகிரி அணையை நினைத்துக்கொண்டால் இதற்கு விடை எளிது. அணையின் முழு நீர்மட்டம் 52 அடி. அளவுகோலில் 52 அடி என்று தெரிந்தால் அணை நிரம்பியிருக்கிறது என்று பொருள். உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது அதிலிருந்து தெரியாது. தென்பெண்ணை பல பத்தாண்டுகளாகக் கொண்டுவந்து சேர்த்த வண்டல் அடியில் படிந்திருக்கிறது. அணை கட்டிய காலத்து 52 அடியும் இன்றைய 52 அடியும் ஒரே அளவுத் தண்ணீர் அல்ல. பேட்டரியில் வோல்ட் என்பது நீர்மட்டம். எம்ஏஎச் என்பது கொள்ளளவு. புதிய பேட்டரியும் பாதி செத்துப்போன பேட்டரியும் முழுச் சார்ஜில் அதே 8.4 வோல்ட்டைத்தான் காட்டும்.

அந்தக் கொள்ளளவு எங்கிருந்து வருகிறது? கேமரா பேட்டரிக்குள் பெரும்பாலும் இரண்டு லித்தியம் அயான் செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு செல்லிலும் ஒரு பக்கம் கிராஃபைட்டும் மறுபக்கம் கோபால்ட் போன்ற உலோகங்களின் ஆக்சைடும் மெல்லிய பூச்சாக இருக்க, லித்தியம் அயனிகள் சார்ஜ் ஆகும்போது கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் நுழைந்து உட்கார்ந்து, பயன்படுத்தும்போது திரும்பிப் போகின்றன. 1991-இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் வணிகச் செல்லில் கிராஃபைட்டுக்குப் பதில் வேறு வகைக் கார்பன் இருந்தது என்றாலும், அன்றிலிருந்து இன்றுவரை அடிப்படை இதுதான். ஒரு கிராம் கிராஃபைட்டுக்குள் அதிகபட்சம் 372 எம்ஏஎச் அளவுக்குத்தான் லித்தியம் உட்கார இடம் உண்டு. இது வேதியியல் விதித்த வரம்பு, எந்தத் தொழிற்சாலையும் இதைத் தாண்டிவிட முடியாது. ஆகவே 1865 எம்ஏஎச் என்று எழுத வேண்டுமானால் ஒவ்வொரு செல்லிலும் குறைந்தது 5 கிராம் கிராஃபைட் இருந்தாக வேண்டும். 2650 என்றால் 7 கிராமுக்கு மேல். எதிர்ப்பக்கத்து ஆக்சைடு ஒரு கிராமில் கொள்ளும் அளவு இதில் ஏறத்தாழ பாதி அல்லது அதற்கும் குறைவு என்பதால் அது இன்னும் அதிகமாக வேண்டும். அச்சடிக்கிற எண்ணை ஏற்றுவதற்கு மை போதும், கொள்ளளவை ஏற்றுவதற்கு எடை வேண்டும்.

எனவே சோதனைக்கு முன்பே ஒரு தராசு பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது. அசல் பேட்டரி ஏறத்தாழ 80 கிராம். 14 வாட் மணியை அதால் வகுத்தால் கிலோவுக்கு 175 வாட் மணி, நியாயமான கணக்கு. நகலை நகைத் தராசில் வைத்தபோது 68 கிராம் காட்டியது. 2650 எம்ஏஎச்சை 7.2 வோல்ட்டால் பெருக்கினால் 19 வாட் மணி. பிளாஸ்டிக் கூட்டுக்கும் சர்க்யூட் பலகைக்கும் ஒரு 12 கிராம் கழித்துவிட்டால் செல்களில் கிலோவுக்கு 340 வாட் மணி இருக்க வேண்டும். கடையில் கிடைக்கிற மிக நல்ல செல்களே 250-ஐ ஒட்டி நிற்கும்போது இது நடக்கிற காரியம் இல்லை. இங்கே இன்னொரு தந்திரத்தையும் சொல்லிவிட வேண்டும். செல்களைத் தொடராக இணைத்தால் வோல்ட்தான் கூடும், எம்ஏஎச் கூடாது. சில நகல்களில் இரண்டு செல்களின் எம்ஏஎச்சையும் கூட்டி மேலே போட்டுவிடுகிறார்கள். அதனால் எம்ஏஎச்சை விட்டுவிட்டு வாட் மணியைப் பார்ப்பது எப்போதும் நல்லது. அது அச்சிடப்படாத பேட்டரியைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இனி சோதனைக்கு வருவோம். லித்தியம் செல்களின் கொள்ளளவை அளப்பதற்கான ஐஇசி 61960 என்னும் சர்வதேசத் தரநிலை, 20 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையில், சொல்லப்பட்ட கொள்ளளவை ஐந்து மணி நேரத்தில் தீர்க்கும் அளவு மின்னோட்டத்தில் பேட்டரியை இறக்கச் சொல்கிறது. 1865 எம்ஏஎச் பேட்டரிக்கு இது சுமார் 0.37 ஆம்பியர். நான் இரண்டுக்கும் 0.4 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டேன். முதலில் கேமராவுடன் வந்த சார்ஜரில் முழுதாக ஏற்ற வேண்டும். பச்சை விளக்கு எரிந்த பின்னும் ஒரு மணி நேரம் விட்டுவைப்பது நல்லது, ஏனென்றால் 8.4 வோல்ட்டைத் தொட்ட பிறகு மின்னோட்டம் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வரும் கடைசிக் கட்டத்தில் கணிசமான அளவு ஏறுகிறது, சில சார்ஜர்களோ அதற்கு முன்பே பச்சை காட்டிவிடுகின்றன. பிறகு வெளியே எடுத்து ஒரு மணி நேரம் ஆற விட்டு, எலக்ட்ரானிக் லோடு என்னும் கருவியில் இணைக்க வேண்டும். அது பேட்டரியிலிருந்து நாம் சொன்ன மின்னோட்டத்தை மட்டும் மாறாமல் இழுத்து வெப்பமாக வெளியேற்றி, கடந்த நேரத்தைக் கணக்கு வைத்துக்கொண்டு, வோல்ட் 6.0-க்கு, அதாவது செல்லுக்கு 3.0-க்கு, இறங்கியதும் நிறுத்திவிடும். மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கினால் கொள்ளளவு. ஒரு எம்ஏஎச் என்பது 3.6 கூலும் மின்னூட்டம். மதகைத் திறந்து வெளியேறும் தண்ணீரைக் கனஅடிக் கணக்கில் எண்ணுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

பேட்டரியைப் பிடித்துக்கொள்ளத் தனியாக எதுவும் வாங்கத் தேவையில்லை. பழுதாகிப்போன பழைய சார்ஜர் ஒன்றைத் திறந்து, அதன் தொட்டிலில் இருக்கும் கூட்டல், கழித்தல் முனைகளில் கம்பிகளைப் பற்றவைத்துக்கொண்டால் போதும். நடுவில் இருக்கும் சிறு முனைகள் வெப்ப உணரிக்கும் தகவல் சில்லுக்கும் உரியவை, அவற்றைத் தொட வேண்டாம். ஒவ்வொரு முனையிலும் ஒரு கம்பிக்குப் பதில் இரண்டு கம்பிகளை வைப்பதுதான் இதில் முக்கியம். ஒரு ஜோடி மின்னோட்டத்தைக் கொண்டுபோகும். மறு ஜோடி வோல்ட்டை அளக்க மட்டும். மெல்லிய கம்பியும் துருப்பிடித்த கிளிப்பும் சேர்ந்து 0.2 ஓம் தடை கொடுத்தால், ஒரு ஆம்பியரில் 0.2 வோல்ட் வழியிலேயே கரைந்துபோய், பேட்டரி உண்மையில் தீர்வதற்கு முன்பே கருவி தீர்ந்துவிட்டது என்று நிறுத்திவிடும். முதல் நாள் இந்தத் தவற்றைச் செய்து, நல்ல பேட்டரி ஒன்றைக் கெட்டது என்று சொல்லியிருக்கிறேன்.

அசல் பேட்டரி இறங்குவதை உட்கார்ந்து பார்த்தால் ஓர் அழகு உண்டு. 8.3-இல் தொடங்கி முதல் சில நிமிடங்களில் சற்று வேகமாகச் சரிந்து, பிறகு மணிக்கணக்கில் ஏழரையை ஒட்டிச் சோம்பேறித்தனமாக இறங்கிக்கொண்டிருக்கும். 7-க்குக் கீழே வந்ததும் மலைப்பாதையின் விளிம்பில் நின்றது போல ஒரே இறக்கம். கேமராவின் பேட்டரிப் படம் வெகுநேரம் நிறைந்தே இருந்துவிட்டு கடைசியில் மளமளவென்று குறைவது இதனால்தான். அசல் பேட்டரி 6.0 வோல்ட்டைத் தொட 4 மணி நேரம் ஆனது: 1600 எம்ஏஎச், எழுதியிருப்பதில் 86 சதவீதம். நான்கு வருடம் உழைத்ததற்கு இது நல்ல மதிப்பெண். நகல் 2 மணி 51 நிமிடத்தில் முடிந்தது: 1140 எம்ஏஎச், எழுதியிருப்பதில் 43 சதவீதம். நகல் 6.3 வோல்ட்டில் இருக்கும்போதே திடீரென்று சுழியாகிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு செல்களில் ஒன்று பலவீனமாக இருந்து, மற்றதில் இன்னும் மிச்சம் இருக்கும்போதே அது வற்றிப்போக, உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட் இணைப்பைத் துண்டித்திருக்கிறது என்பதே இதற்குப் பொருள். தொடரில் இணைத்த செல்கள் ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள் போல; மெலிந்த மாடு படுத்துவிட்டால் உழவு நின்றது.

அடுத்து அதே இரண்டையும் மீண்டும் ஏற்றி, இம்முறை 1 ஆம்பியரில் இறக்கினேன். அசல் 1530 எம்ஏஎச் தந்தது, நகல் 54 நிமிடத்தில் 900-த்தோடு நின்றது. ஒரே பேட்டரி இரண்டு விடை சொல்வதற்குக் காரணம் உட்தடை, அதாவது பேட்டரிக்கு உள்ளேயே மின்னோட்டத்துக்கு இருக்கும் தடை. ஆறிய நிலையில் 8.31 வோல்ட் காட்டிய நகல், 1 ஆம்பியர் இழுத்தவுடன் 7.91-க்கு இறங்கியது, 0.4 வோல்ட்டை 1 ஆம்பியரால் வகுத்தால் 0.4 ஓம். அசலில் இதே கணக்கு 0.15 ஓம். மின்னோட்டம் கூடக் கூட உட்தடையில் தொலையும் வோல்ட்டும் கூடுகிறது, 6.0 என்ற எல்லைக்கோடு முன்னாலேயே வந்துவிடுகிறது. கேமராவோ இதைவிடக் கடுமையான எஜமான்: வீடியோ எடுக்கும்போது அதற்கு வேண்டியது மாறாத திறன், ஆகவே வோல்ட் இறங்க இறங்க அது மின்னோட்டத்தைக் கூட்டி இழுக்கிறது. எத்தனை ஆம்பியரில் அளந்தது என்று சொல்லாத எம்ஏஎச் எண் அரைகுறை எண்தான்.

எலக்ட்ரானிக் லோடு இல்லாதவர்கள் பத்து ஓம், இருபது வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்றையும் மல்டிமீட்டரையும் வைத்தே இதைச் செய்யலாம். ரெசிஸ்டரை இணைத்துவிட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பேட்டரி முனையில் வோல்ட்டை எழுதிக்கொண்டே வர வேண்டும். 7.4 வோல்ட் என்றால் மின்னோட்டம் 0.74 ஆம்பியர், அந்த ஐந்து நிமிடத்தில் வெளியேறியது 62 எம்ஏஎச். இப்படியே கூட்டிக்கொண்டு போகலாம். தானாக நிறுத்தும் ஏற்பாடு இல்லாததால், 6.0 வந்ததும் நாமே கழற்ற வேண்டும். ரெசிஸ்டர் கைவைக்க முடியாத சூடாகும், கீழே தரை ஓடு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தவறான வழிகளில் முதல் இடம் யுஎஸ்பி மீட்டருக்கு. யுஎஸ்பி சார்ஜரின் நுழைவாயிலில் அது எண்ணுவது 5 வோல்ட்டில் போகும் மின்னோட்டத்தை, பேட்டரியோ 8.4 வோல்ட்டுக்கு ஏற வேண்டும். 14 வாட் மணி ஏறுவதற்கு, சார்ஜரில் 15 சதவீதம் வீணாவதாக வைத்துக்கொண்டால், மீட்டர் 3300 எம்ஏஎச் என்று காட்டும். அதைப் பார்த்து 1865 பேட்டரியில் 3300 இருக்கிறது என்று மகிழ்ந்தவர்களை எனக்குத் தெரியும். ஐமேக்ஸ் பி6 வகை ஹாபி சார்ஜர்களில் இறக்கி அளக்கும் வசதி உண்டு, பயனுள்ளதுதான். ஆனால் அதில் லித்தியம் அயான் என்ற தேர்வு செல்லுக்கு 4.1 வோல்ட் வரைதான் ஏற்றும், 4.2 அல்ல. அதில் ஏற்றி அளந்தால் எந்த நல்ல பேட்டரியும் குறைவாகத்தான் தெரியும். ஏற்றுவதைக் கேமரா சார்ஜரிலும், இறக்குவதை மட்டும் அதிலும் செய்யலாம். எத்தனை படம் வந்தது என்று எண்ணுவதும் கொள்ளளவு ஆகாது. கேமரா நிறுவனங்கள் சொல்லும் படக் கணக்கே 30 விநாடிக்கு ஒரு படம், உள்ளேயே ஃபிளாஷ் இருக்கும் கேமரா என்றால் பாதிப் படங்களுக்கு ஃபிளாஷ் என்ற, ஜப்பானியக் கேமரா நிறுவனங்களின் சங்கமான சிபாவின் தரநிலை நடைமுறையில் எடுத்தது, கல்யாண மண்டபத்தில் யாரும் அப்படி எடுப்பதில்லை.

வெப்பநிலையையும் கவனிக்க வேண்டும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழி விடியலில் எடுத்த அளவையும் தருமபுரியின் சித்திரை நண்பகலில் எடுத்த அளவையும் ஒப்பிடக் கூடாது. குளிரில் அயனிகள் நகர்வது மந்தமாகி உட்தடை ஏறுவதால் கொள்ளளவு குறைந்ததாகத் தோன்றும். பேட்டரியைச் சட்டைப் பைக்குள் வைத்துச் சூடேற்றினால் அது திரும்பி வந்துவிடும். வெயிலில் நிற்கும் காருக்குள் முழுச் சார்ஜோடு கிடந்த பேட்டரி இழந்ததோ திரும்பாது; கிராஃபைட்டின் மேல் படியும் மெல்லிய படலம் சூட்டில் வேகமாகத் தடித்து, லித்தியத்தைத் தனக்குள் நிரந்தரமாகச் சிறைபிடித்துக்கொள்கிறது. அணையின் வண்டல் என்று முன்பு சொன்னது இதைத்தான்.

உப்பியிருக்கும் பேட்டரியைச் சோதிக்கவே வேண்டாம், அதை ஏற்றவும் வேண்டாம். பேட்டரியில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 16046 பதிவு எண் இருந்தால் நல்லதுதான். ஆனால் அது பாதுகாப்புக்கான சான்று, மேலே அச்சிட்ட எம்ஏஎச்சுக்கு அது ஜாமீன் நிற்பதில்லை.

தம்பி இப்போது ஒவ்வொரு பேட்டரியின் முதுகிலும் காகித டேப் ஒட்டி, அளந்த தேதி, அளந்த எம்ஏஎச், எத்தனை ஆம்பியரில் என்று மூன்றையும் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறார். நகலின் மேல் 2650-ஐ மறைத்து 1140 என்று ஒட்டியிருக்கிறது. அது ஸ்டுடியோவை விட்டு வெளியே போவதில்லை, பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் கேமராவில் இருக்கிறது.