கழன்று வருவதற்கென்றே ஒட்டும் பசை

ஹாக்கி மட்டை என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது, அடியில் கொக்கியாக வளைந்த ஒரே துண்டு மட்டைதான். ஐஸ் ஹாக்கி மட்டை அப்படி இருக்காது. பனிக்கட்டி இல்லாத ஊர்களில் சக்கரக் காலணி மாட்டிக்கொண்டு ஆடுகிற இன்லைன் ஹாக்கிக்கும் ஐஸ் ஹாக்கி வகை மட்டைதான். ஒன்றரை மீட்டர் வாக்கில் நீளமான ஷாஃப்ட், அதன் அடியில் ஓரடி நீளத்துக்குத் தட்டையாக ஒரு பிளேடு. இவை இரண்டும் தனித்தனியாக வருகிற மட்டைகளும் உண்டு. ஷாஃப்ட் என்பது அலுமினியத்திலோ கார்பன் இழையிலோ செய்த செவ்வகக் குழாய். பிளேடின் மேல்முனையில் இரண்டு மூன்று அங்குலத்துக்குத் தச்சுவேலைக் கழுந்து மாதிரி ஒரு நீட்டல் இருக்கும். அதைக் குழாய்க்குள் செருகி ஒட்டிவிடுவார்கள். பிளேடு உடைந்தால் பிளேடை மட்டும் மாற்றினால் போதும்.

காட்பாடியில் ஸ்கேட்டிங் பழகும் ஒரு பையனுக்கு, அவன் சித்தப்பா வெளிநாட்டிலிருந்து இப்படி ஒரு மட்டையும் கூடவே ஒரு மாற்று பிளேடும் கொண்டுவந்து கொடுத்திருந்தார். முதல் பிளேடு அடிப்பக்கம் பிளந்து நார்நாராகப் போனதும், எதை வைத்து ஒட்டுவது என்ற கேள்வி வந்தது. ஹார்டுவேர் கடையில் கேட்டால் கை நேராக இரண்டு ட்யூப் எபாக்சிக்குத்தான் போகும். “இதைப் போடுங்க சார், ஜென்மத்துக்கும் வராது.” சிக்கலே அதுதான். இந்த மூட்டு தேவைப்படும்போது வந்தாக வேண்டும்.

எபாக்சி இறுகினால் இறுகியதுதான். இரண்டு ட்யூபில் இருப்பதும் வேதிவினையில் சேர்ந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. பிறகு எவ்வளவு சூடேற்றினாலும் உருகாது, கடைசியில் கருகும். இந்த மூட்டுக்கு ஏற்றது ஹாட் மெல்ட் பசை, அதாவது சூட்டில் உருக்கி ஒட்டும் பசை. அதில் அப்படி எந்த வினையும் நடப்பதில்லை. சூட்டில் அதன் நீளமான மூலக்கூறுகள் வழுக்கி ஓடும், ஆறினால் நின்ற இடத்தில் நின்றுவிடும். மறுபடி சூடேற்றினால் மறுபடி ஓடும்.

வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ ஷூ கம்பெனியில் வேலை பார்த்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். லாஸ்ட் எனும் கால் வடிவ அச்சின் மேல் தோலை இழுத்து மடக்கி ஒட்டுகிற இடத்தில் மெஷின் உருக்கி விடுவது பெரும்பாலும் ஹாட் மெல்ட் வகைப் பசைதான். சூடாக இருக்கும் சில நொடிக்குள் தோல் சரியான இடத்தில் உட்கார்ந்தாக வேண்டும். பிளேடு பொருத்துவதிலும் அந்த அவசரம் உண்டு.

சரி, சூட்டில் இளகுகிற, நகத்தால் கீறினாலே தடம் விழுகிற இந்தப் பசை, மட்டையை ஓங்கி அடிக்கும் அடியை எப்படித் தாங்குகிறது? அடியின் பெரும்பகுதி பசையிடம் போவதே இல்லை. மூட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளி, பிளேடின் மேல் 20 கிலோ எடைக்குச் சமமான விசை விழுவதாக வைத்துக்கொள்வோம். கழுந்து குழாய்க்குள் இரண்டு இடங்களில் முட்டுக்கொடுக்கும்: குழாயின் வாயருகே ஒரு சுவரில், உள்நுனியில் எதிர்ச்சுவரில். இரண்டுக்கும் நடுவே 5 செ.மீ. இருந்தால், உள்நுனி தாங்குவது 80 கிலோ, வாயருகே விழுவது 100 கிலோ. சாதாரண நெம்புகோல் கணக்குதான். கழுந்து பாதி வரைதான் உள்ளே போயிருந்தால் இந்த எண்கள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கடைசிவரை அழுத்திச் செருகச் சொல்வது இதனால்தான்.

பிளேடின் நுனியில் அடி பட்டால் அது மூட்டைத் திருகப் பார்க்கும். குழாய் உருண்டையாக இருந்திருந்தால் அந்தத் திருகல் முழுவதும் பசையின் தலையில்தான் விழும். செவ்வகமாக இருப்பதால் மூலைகளும் சுவர்களும் பிடித்துக்கொள்கின்றன. ஆக, பசைக்கு மிஞ்சுவது இரண்டே வேலை. பிளேடு கீழே நழுவி வராமல் பார்ப்பது ஒன்று. கழுந்துக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள மயிரிழை இடைவெளியை நிரப்புவது இன்னொன்று. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய வேலை. இடைவெளி இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் கழுந்து உள்ளே ஆடும், சுவரில் ஒரே இடத்தில் இடிக்கும். நீளவாக்கில் வலுவான கார்பன் குழாய் வாயை விரிக்கிற விசைக்கு அவ்வளவு தாங்காது. விரிசல் அங்கேதான் தொடங்கும்.

இடைவெளி அதிகமாவதற்குப் பல நேரம் காரணம் அளவு மாறிப்போவதுதான். ஷாஃப்ட்களில் இரண்டு வகை உண்டு. ஸ்டாண்டர்டு வகை மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம். டேப்பர்டு வகை அடியில் குறுகும், அதற்கான பிளேடின் கழுந்தும் சிறியது. சிறிய கழுந்தைப் பெரிய குழாயில் போட்டுப் பசையை அப்பி நிரப்பலாம் என்று தோன்றும். மெல்லிய படலமாக இருக்கும்வரைதான் இந்தப் பசைக்குப் பலம். தடித்த அடுக்காகிவிட்டால் அடிக்கு அடி கொஞ்சம் கொஞ்சமாக நெளிந்து கொடுத்துவிடும். கொஞ்சம் லூசாக இருந்தால் மட்டும் கழுந்தைச் சுற்றி மெல்லிய டேப் ஒரு சுற்றுச் சுற்றிச் சமாளிக்கலாம்.

அந்தப் பையனின் மட்டைக்கு ஹீட் கன் கிடைத்தது கார்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் ஒரு கடையில். அதிலிருந்து வரும் காற்று 500 டிகிரியைத் தாண்டக்கூடும். கார்பன் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பிசினும் ஒருவகை எபாக்சிதான், பலவகை எபாக்சிகள் 100 முதல் 150 டிகிரிக்குள் விறைப்பை இழக்கத் தொடங்கிவிடும். அதனால் ஒரே இடத்தில் காட்டாமல், ஷாஃப்டின் அடிப்பகுதியைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார் கடைக்காரர். பழைய பிளேடு முதலில் அசையவே இல்லை. அப்புறம் இலேசாக ஆடியது, இழுத்ததும் நூல் நூலாகப் பசை நீண்டுகொண்டே வந்தது. உள்ளே ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்தார்கள்.

புதிய பிளேடின் கழுந்தில் தொழிற்சாலையிலேயே பசை பூசி வந்திருந்தது. இந்த முறை சூடு ஷாஃப்டுக்கு இல்லை, கழுந்துக்கு. மங்கலாக இருந்த பசை ஈரம் பட்டதுபோல் மின்னத் தொடங்கியதும் ஒரே அழுத்தில் செருகினார். வாயைச் சுற்றி மெல்லிய கோடாகப் பசை பிதுங்கி வந்தது. நாலு பக்கமும் அப்படி வந்தால் உள்ளே இடைவெளி நிரம்பியிருக்கிறது என்று ஓரளவு நம்பலாம். பிதுங்கியதைக் கையால் துடைக்கப் போகக்கூடாது, தோலோடு ஒட்டிக்கொண்டு சுடும். பிளேடு கோணலில்லாமல் இருக்கிறதா என்று உடனே பார்த்துவிட்டு, அரைமணி நேரம் அப்படியே விட்டால் போதும்.

அலுமினிய ஷாஃப்டாக இருந்தால் வேலை இன்னும் சுலபம். அலுமினியத்தில் சூடு சட்டென்று பரவும், சூட்டில் கொஞ்சம் விரியவும் செய்யும். 30 மி.மீ. அகலம் 100 டிகிரி ஏறினால் சுமார் 0.07 மி.மீ. கூடும். இந்த மாதிரி மூட்டில் அதுவே உதவிதான். 1990-களின் தொடக்கத்தில் ஐஸ் ஹாக்கி நட்சத்திரம் வெயின் கிரெட்ஸ்கி ஆடியது ஈஸ்டன் கம்பெனியின் அலுமினிய ஷாஃப்டில்தான். பிறகு எடை குறைந்த ஒரே துண்டு கார்பன் மட்டைகள் வந்து, பெரிய ஆட்டங்களில் இந்த இரண்டு துண்டு வகையை ஓரங்கட்டிவிட்டன.

இந்த மட்டைகளை வடிவமைத்தவர்கள் கவலைப்பட்டிருக்க வாய்ப்பில்லாத ஒன்று வேலூர் வெயில். சாதாரண ஹாட் மெல்ட் பசை பலவும் 60 டிகிரியை நெருங்கும்போதே பலம் குறையத் தொடங்கும். அக்னி நட்சத்திரத்தில் கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு வந்துவிடும். டிக்கியில் வேறு சாமான்கள் பிளேடை ஒருபக்கமாக அழுத்திக்கொண்டும் இருந்தால், சாயங்காலம் எடுக்கும்போது மூட்டு கோணியிருக்கலாம். பயிற்சிக்குப் போகிற வழியில் மட்டையைக் காரில் விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போகாதீர்கள். அப்படியே கோணிப்போனாலும் புது பிளேடு வாங்க ஓடவேண்டாம். மறுபடி சூடு காட்டி, நேராக்கி, ஆறவிட்டால் சரியாகிவிடும்.